வால் முளைத்த விளக்குகள்

கண்ணில் கோளாறு என்று நான் சொன்ன அத்தனை பேரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, "இது எத்தனை விரல்?" என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னேன். "பின்ன என்னவே, கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று போய்விட்டார்கள். எனக்கு விரல்களில் பிரச்சினை இல்லை, விளக்குகளில்தான். அதை ஒருவருக்கும் புரியவைக்க முடியாமல் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். நேரம் நிறைய இருக்கிறது, அலுப்பு அதைவிட நிறைய இருக்கிறது. என்னைப் போல யாராவது அலைந்துகொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மேலப்பாளையத்துக்காரன். சவுதியில் ட்ரெய்லர் லாரி ஓட்டினேன். தம்மாமில் சரக்கு ஏற்றி ரியாத்தில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கள் கம்பெனியில் எல்லாம் ராத்திரி ஓட்டம்தான். கல்யாணமான மறுவருடமே போனவன். அதற்குப் பிறகு வீடு என்பது எனக்கு லீவு, அவ்வளவுதான். மகள் பிறந்ததையும் அவள் நடந்ததையும் போனில் பார்த்தேன்.

முதலில் எதிரே வரும் வண்டிகளின் விளக்குக்கு வால் முளைத்தது. சுவரில் அடித்த சுண்ணாம்பு கீழே வழிந்திருக்குமே, அந்த மாதிரி வெளிச்சம் கீழ்நோக்கி வழிந்தது. பிறகு ஒரு விளக்கு ஒன்றரை விளக்காகி, அப்புறம் இரண்டானது. வருவது பைக்கா லாரியா என்று தெரியாமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினேன். ஒரு தடவை பழுதாகி ஓரமாக நின்ற ஒரு வண்டியின் பின்விளக்கு எந்தத் தடத்தில் இருக்கிறது என்று பிடிபடவில்லை. ரொம்ப அருகே போய்த்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அதற்கு அப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்தி, விடிந்த பிறகுதான் எடுத்தேன்.

கம்பெனி டாக்டரிடம் போனேன். அவர் விளக்கு எரியும் அட்டையைக் காட்டி எழுத்து வாசிக்கச் சொன்னார். பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரிவரைக்கும் வாசித்தேன். "பார்வை முழுசா இருக்கு. தூக்கம் பத்தலை உனக்கு" என்றார். கண்ணாடி மாற்றினேன், வால் போகவில்லை. இன்னொரு தடவை மாற்றினேன். அதிலும் போகவில்லை. ட்ரைவர்கள் தங்கும் அறையில் என்னைப் பார்த்து, "இவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துட்டு, அதான் கண்ணைச் சாக்குச் சொல்லுதான்" என்று சிரித்தார்கள். நான் எல்லோரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

என் மனைவி ஜமீலா மட்டும்தான் விரலை நீட்டவில்லை. வந்த அன்றைக்கே, மொட்டை மாடியில் நின்று எதிர்த்த பள்ளிவாசல் மினாரா விளக்கை நான் ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பார்ப்பதைக் கவனித்திருக்கிறாள். "மச்சான், எப்படித் தெரியுதுன்னு வரைஞ்சு காட்டுங்க" என்றாள். மகளின் நோட்டில் வரைந்து காட்டினேன். அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கே போவோம்" என்றாள்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலத்தைத் தாண்டும்போது ஜமீலா ஆற்றைப் பார்த்தாள், நான் எதிரே வரும் பஸ்ஸின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பார்த்தேன். அந்த வருடம் முழுக்க எனக்கு அதே வேலைதான்.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருப்பதைப் போல அலுப்பான காரியம் உலகத்தில் இல்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் பேப்பராவது படிக்கலாம். இங்கே சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொல்லிவிடுவார்கள். மூடிய கண்ணோடு வரிசையாக நாற்பது ஐம்பது பேர். ஒருத்தர் பெயரைக் கூப்பிட்டால் எல்லாத் தலையும் சேர்ந்து திரும்பும்.

அங்கேதான் அந்தோணி அண்ணாச்சி எனக்குப் பழக்கமானார். புன்னக்காயல்காரர், கடலுக்குப் படகு ஓட்டுகிறவர். உப்புக் காற்றிலும் வெயிலிலும் இருந்து இருந்து அவருடைய வலது கண்ணின் வெள்ளையில் ஒரு சதை வளர்ந்து, கருவிழி மேல் ஏறிக்கொண்டிருந்தது. தொட்டுக்கொள்ள வேறு விஷயம் இல்லாததால் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் கண்களைப் பற்றியே பேசினோம்.

"உமக்கு என்னவே?" என்றார்.

"விளக்குக்கு வால் முளைச்சிருக்கு அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு முகத்துவாரத்துல விளக்கு பரந்துபோய்த் தெரியுது. உமக்கு வால், எனக்கு இறக்கை. ரெண்டும் சேர்ந்தா பறந்துரலாம்" என்றார். எனக்கு அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. லுஹர் தொழப் போனபோது என் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, நர்ஸ் கூப்பிட்டதும், "அந்தப் பாய் தொழுகைக்குப் போயிருக்காரும்மா, இப்ப வந்துருவாரு" என்று எனக்காகச் சொல்லி நிறுத்திவைத்தவர் அவர்தான்.

டாக்டரம்மாவும் முதலில் எழுத்து அட்டையைத்தான் காட்டினார். மறுபடியும் கடைசி வரிவரைக்கும் வாசித்தேன். எனக்கே அலுத்துப்போனது. போச்சு, இவரும் தூக்கம் பத்தலை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "பகல்ல சரியாத் தெரியுது, ராத்திரிதான் தொந்தரவு. அப்படித்தானே?" அப்படித்தான் என்றேன். "வால் எந்தப் பக்கம்?" என்றார். கீழ்ப்பக்கம் என்றேன். "ஒரு லேசர் மெஷின்ல அளந்து பார்த்துருவோம்" என்றார்.

லேசர் என்றதும் ஜமீலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் அறையில் இருந்த செல்வி என்ற பெண் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது அளக்குத லேசர்தான் பாய். அறுக்குத லேசர் வேற அறையில இருக்கு. உக்காருங்க" என்றாள்.

அந்தச் சோதனையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். இருட்டறை. தாடையை ஒரு மேடையில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் சாய்க்க வேண்டும். உள்ளே தூரத்தில் ஒரு படம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே சிமிட்டாமல் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மெல்லிய லேசர் ஒளியை உள்ளே அனுப்புவார்கள். அது விழியின் பின்சுவரில், அதாவது விழித்திரையில், ஒரு சின்னப் புள்ளியாக விழும். அந்தப் புள்ளியிலிருந்து வெளிச்சம் கண்ணுக்குள்ளிருந்து வெளியே திரும்பி வரும். வரும் வழியில் கண்ணின் வில்லையையும் கருவிழியையும் தாண்டித்தான் வர வேண்டும். வெளியே மெஷினுக்குள் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கான வில்லைகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவை அந்த வெளிச்சத்தைப் பிரித்து நூற்றுக்கணக்கான புள்ளிகளாக்கிக் காட்டும். கண் வெளிச்சத்தை ஒழுங்காக வளைத்தால் புள்ளிகள் ஒழுங்காக நிற்கும். எங்கே தப்பாக வளைக்கிறதோ, அந்த இடத்துப் புள்ளி நகர்ந்து நிற்கும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் கண்ணின் கோளாறு முழுவதும் வந்துவிடும். எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டாம், வாய் திறக்கவே வேண்டாம்.

டாக்டரம்மா என் புள்ளிகளைத் திரையில் காட்டினார். மேலே இருந்தவை ஜும்ஆ தொழுகையில் ஸஃப் கட்டி நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றன. கீழே வரிசை கலைந்து, ஆளாளுக்கு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தார்கள்.

"உங்க கருவிழி கீழ்ப்பக்கம் மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால பிதுங்குது" என்றார். "பகல்ல கண்ணுப் பாவை சுருங்கி இருக்கும், நடுவுல இருக்குற நல்ல பகுதி வழியா மட்டும் பாக்குதீங்க. அதான் அட்டையில எல்லாத்தையும் வாசிச்சீங்க. ராத்திரி பாவை விரியும்போது கீழ இருக்குற கோணல் வழியாவும் வெளிச்சம் நுழையுது. அந்த வால் நெசமாவே உங்க கண்ணுக்குள்ள இருக்கு."

நெசமாவே என்ற ஒரு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோய் என்று சொல்லியிருக்கிறார்கள், நான் சந்தோஷப்படுகிறேன். ஒரு வருடமாக என்னை நம்பாத உலகத்தில் ஒரு மெஷின் நம்பியது. வெளியே வந்து அந்தோணி அண்ணாச்சியிடம் ஏதோ பரீட்சையில் தேறியவன் மாதிரிச் சொன்னேன்.

இந்த நோய் சிலருக்கு அப்படியே நின்றுவிடும், சிலருக்கு வேகமாகக் கூடும். கூடுகிறதா என்று தெரிய மறுபடியும் அளக்க வேண்டும். வழக்கமாகச் சில மாதம் கழித்து அளப்பார்களாம். என் லீவு அவ்வளவு இல்லை என்பதால் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். கண்ணைக் கசக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. கண் காயாமல் இருக்க ஒரு சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை. பில்லைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இரத்த அழுத்தத்துக்கும் வைத்தியம் பார்க்க வேண்டி வரும், அதை விட்டுவிடுகிறேன்.

கசக்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. பாலைவனத் தூசியில் இருந்து பழகிய கை, தானாகக் கண்ணுக்குப் போகும். ஜமீலா பக்கத்தில் இருந்தால் பட்டென்று தட்டிவிடுவாள். மகள் ரிஸ்வானாவும் கற்றுக்கொண்டாள். "வாப்பா, கை" என்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களும் டீச்சர், நான் ஒருவன் மட்டும் மாணவன்.

நோன்பு வந்தது. நோன்போடு அந்த மூன்று வாரத்தைக் கடத்தினேன். பகலில் மகளை எதிரே உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அவள் முகத்தைப் பார்ப்பேன். பார்வை போய்விட்டால் எதை ஞாபகம் வைத்துக்கொள்வது என்று ஒரு பயம். வெளியே சொல்லவில்லை. அவள் விளையாட்டு என்று நினைத்து நாக்கைத் துருத்துவாள்.

மூன்று வாரம் கழித்து, பிற்பகலில் போனோம். செல்வி அளந்தாள். திருப்பி அளந்தாள். "சிமிட்டிட்டு நல்லாத் திறங்க பாய்" என்று இன்னொரு தடவை அளந்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போன தடவை கீழ் வரிசைதான் கலைந்திருந்தது, இப்போது நடுவிலும் கலைந்து, சில இடத்தில் புள்ளியே காணோம்.

"மருந்து ஒழுங்கா விடுதீங்களா?"

"விடுதேன் டாக்டரம்மா. ஒரு நாள் கூட விட்டுப்போகல."

"ஆறு தடவையும்?"

"ஆறு தடவையும்."

அவர் இரண்டு படங்களையும் திரும்பப் பார்த்துவிட்டு, நோய் வேகமாகக் கூடுகிற மாதிரி இருக்கிறது, கருவிழியை உறுதிப்படுத்துகிற சிகிச்சை செய்துவிடுவது நல்லது என்றார். கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, ஒரு வைட்டமின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊறவைத்து, ஊதா வெளிச்சத்தைக் காட்டுவார்களாம். சதை இறுகுமாம். இருக்கிற கோணல் சரியாகாது, மேலே கூடாமல் நிற்கும். முதலில் ஒரு கண், ஆறியதும் மறு கண். அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. என் லீவும் விசாவும் அத்தனை நாள் காத்திருக்காது.

பஸ்ஸில் வரும்போது எனக்கு இரண்டு கவலை. வேலை போனால் வீடு எப்படி ஓடும் என்பது ஒரு பக்கம். சுரண்டுவது என்ற சொல் இன்னொரு பக்கம். நோன்பு வைத்த வாய் வேறு காய்ந்துபோய் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு களைப்பாக இருந்ததில்லை.

சிகிச்சைக்கு முன்னால் பரிசோதனைகளுக்காக ஒரு நாள் காலையிலேயே வரச் சொன்னார்கள். இரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள், பிரதான வேலையாக உட்காரவைத்தார்கள். அந்தோணி அண்ணாச்சியும் அன்றைக்கு வந்திருந்தார். மறுநாள் அவருக்குச் சதையை அறுத்தெடுக்கப் போகிறார்கள், அதற்காகப் படுக்கை கொடுத்திருந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு அது தவக்காலம், வெற்றிலையை விட்டிருந்தார். "உம்ம நோன்பாவது சாயங்காலத்தோட முடியும். எனக்கு ஈஸ்டர் வரைக்கும் வாய் நமநமங்கும்" என்றார்.

மூன்று மணி வாக்கில் ஒரு வயதான நர்ஸ் வந்து, சிகிச்சைக்குப் பிறகு எந்தெந்த நேரத்தில் எந்த மருந்து விட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார்.

"இப்ப விடுத மருந்தை எந்தெந்த நேரத்துல விடுதீங்க பாய்?"

"நோன்பு திறந்ததும் ஒண்ணு. மஃரிப் தொழுதுட்டு ஒண்ணு. கஞ்சி குடிச்சிட்டு ஒண்ணு. தராவீஹ் தொழுகைக்கு முந்தி ஒண்ணு, பிந்தி ஒண்ணு. படுக்கும்போது ஒண்ணு."

நர்ஸ் பேனாவை மூடினார். "பகல்ல?"

"பகல்ல நோன்புல்லா."

"ஆறையும் ராத்திரியிலயே விட்டுருதீங்களா?"

"தொண்டையில கசக்குதும்மா. விட்டா நோன்பு முறிஞ்சிரும்லா. அதான் கணக்குப் பிசகாம ராத்திரியிலேயே முடிச்சிருதேன்."

அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து நேரே டாக்டரம்மா அறைக்குப் போனார். அந்தோணி அண்ணாச்சி என்னைப் பார்த்து, "என்னவே செஞ்சீரு?" என்றார்.

டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார். "கடைசியாத் தண்ணி எப்பக் குடிச்சீங்க?"

"விடியுததுக்கு முந்தி, சஹர்ல."

"மெஷின்ல அளந்த அன்னைக்கும் நோன்புதானா?"

"ஆமா. ஒரு நோன்பு கூட விடல."

அவர் என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன், கோபப்படவில்லை. கண்ணுக்குள் போகிற வெளிச்சம் முதலில் தொடுவது கருவிழியை இல்லையாம், அதன் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தையாம். அது சமமாக இருந்தால்தான் மெஷின் சரியாக அளக்கும். எனக்கு ஏற்கெனவே வறண்ட கண். பகல் முழுவதும் தண்ணீரும் இல்லை, சொட்டு மருந்தும் இல்லை. பிற்பகலில் கண் திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடந்திருக்கும். மெஷின் அந்தத் திட்டுகளையும் சேர்த்து அளந்திருக்கலாம்.

"அப்போ நோய் கூடலையா?" என்று ஜமீலா கேட்டாள். அதுவரை ஆஸ்பத்திரியில் அவள் வாயே திறந்ததில்லை.

"தெரியாதும்மா. இன்னும் ஒருக்க அளக்கணும். நானும் கேட்டிருக்கணும், மருந்தை எப்ப விடுதீங்கன்னு" என்றார் டாக்டரம்மா.

ஜமீலா வராண்டாவுக்குப் போய், எங்கள் தெருப் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் அவருடைய வீட்டம்மா போன் வழியாகக் கேட்டுவிட்டு வந்தாள். "கண்ணுல மருந்து விட்டா நோன்பு முறியாதாம். தொண்டையில கசந்தாலும் முறியாதாம். நோயாளி நோன்பையே விட்டுட்டுப் பொறவு வைக்கவும் இடம் இருக்குன்னு சொல்லுதாவ. இதைக் கேக்க மூணு வாரமா வாய் இல்லையா மச்சான்?" என்றாள். கசப்பு தெரிந்ததும் நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பகலிலும் மருந்து விட்டேன். நான்கைந்து நாள் கழித்து, நோன்பு திறந்து தண்ணீர் குடித்த பிறகு அளக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மெஷின் அறையைச் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள். செல்வி, "நான் இருக்கேன் பாய். பைய நோன்பு திறந்துட்டு வாங்க" என்றாள். அவளுக்கு அதற்கப்புறம் பஸ் பிடித்து ஏரல் வரைக்கும் போக வேண்டும். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

காத்திருக்கும் இடத்திலேயே பாங்கு சத்தம் கேட்டு நோன்பு திறந்தோம். ஜமீலா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அறுவை முடிந்து, கண் பரிசோதனைக்கு வந்திருந்த அந்தோணி அண்ணாச்சிக்கு ஒரு டம்ளர், செல்விக்கு ஒரு டம்ளர், வாட்ச்மேனுக்கு ஒன்று. ஒற்றைக் கண்ணில் பச்சைத் துணி தொங்க அண்ணாச்சி கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார். "கறி போட்டிருக்கா?" என்று தவக்காலத்து முன்னெச்சரிக்கையாகக் கேட்டுக்கொண்டார். இல்லை என்றதும் இன்னொரு டம்ளர் வாங்கினார்.

பிறகு இருட்டறை, தாடை, நெற்றி. சிமிட்டாமல் இருந்தேன். செல்வி மூன்று தடவை அளந்தாள். மூன்றும் ஒன்றுபோல் வந்தன. டாக்டரம்மா முதல் படத்தையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். மேல் வரிசைகள் ஒழுங்காக நின்றன. கீழ் வரிசை, முதல் நாள் எப்படிக் கலைந்திருந்ததோ அப்படியே கலைந்திருந்தது. கூடவில்லை.

"சுரண்ட வேண்டாம். சில மாசம் சென்று பார்த்துக்கிடுவோம்" என்றார்.

ஜமீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் உடனே லீவு எத்தனை நாள் பாக்கி என்று யோசித்தேன். "அப்போ நான் போய் வண்டி ஓட்டலாமா டாக்டரம்மா? கம்பெனிக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கூடலைன்னுதான் சொன்னேன். சரியாயிட்டுன்னு சொல்லலை. வால் அப்படியேதான் இருக்கு. கண்ணாடியால போகாது. கடினமான லென்ஸ் போட்டா ஓரளவு சரியாகும், ஆனா தூசியில, ராத்திரி முழுக்க, உங்க வறண்ட கண்ணு தாங்காது. பகல்ல நீங்க எதை வேணாலும் ஓட்டலாம். ராத்திரி கனரக வண்டி ஓட்டலாம்னு என்னால எழுதித் தர முடியாது."

"அங்க எழுத்து அட்டை மட்டும்தான் டாக்டரம்மா பாப்பாங்க."

"அதுல நீங்க பாஸ் ஆயிருவீங்க" என்றார்.

பெருநாள் வரைக்கும் அந்த வாக்கியத்தோடுதான் இருந்தேன். பாஸ் ஆகிவிடுவேன். யாருக்கும் தெரியாது. என்னை நம்பாத அந்த அட்டையைத் திட்டாத நாள் கிடையாது, இப்போது அதன் தயவு எனக்குத் தேவைப்பட்டது. நம்பிய ஒரே மெஷினை மட்டும் மறந்துவிட்டால் போதும், பழையபடி வீட்டுக்குப் பணம் போகும், மகள் படிப்பாள். பெருநாள் பிரியாணியை மென்றுகொண்டு இதையே மென்றேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

பெருநாள் முடிந்த வாரம், கம்பெனியில் வண்டிகளை அனுப்புகிற சலீம் பாய்க்குப் போன் போட்டேன். நாகூர்க்காரர், நல்ல மனிதர்.

"வாங்க தம்பி, வண்டி காத்துக்கிட்டிருக்கு. கண்ணு என்னாச்சு?"

"பகல் ஓட்டம் ஏதாவது இருக்கா பாய்?"

"நம்மகிட்ட ஏது பகல் ஓட்டம்? ஏன், மெடிக்கல்ல பாஸ் ஆக மாட்டீங்களா?"

"பாஸ் ஆயிருவேன்."

"பிறகு என்ன?"

"விளக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல பாய். ராத்திரி ஓட்ட மாட்டேன்" என்றேன்.

முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மறுநாள் அவரே கூப்பிட்டார். வண்டி நிறுத்தும் யார்டிலும் வேலைக்கு இடம் இல்லையாம், விசாவைப் புதுப்பிக்கப்போவதில்லையாம். சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிப்போயிருந்தது. பரவாயில்லை பாய் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜமீலா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மச்சான், கடைசிப் பத்து நாளும் ராத்திரி எந்திச்சு ரெண்டு துஆ கேட்டேன். உங்க கண்ணுல நோவு கூடக் கூடாதுன்னு ஒண்ணு. நீங்க இனிமே திரும்பிப் போகக் கூடாதுன்னு ஒண்ணு. ஒண்ணாவது கிடைக்கும்னுதான் ரெண்டு கேட்டேன். ரெண்டையும் படைச்சவன் குடுத்துட்டான். இப்பப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.